பூவுக்குப் பின்னால் ஒரு வேலி

(சிறுசேரியில் நடந்த முன்னாள் மாணவர் ஆண்டுச் சந்திப்பில், காலை அமர்வில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



போன மாதம் நம் செயலாளர் போன் செய்தார். "நீதான் பூ போட்டோ எடுக்கிறவனாச்சே, அதைப் பத்தி இருபது நிமிஷம் பேசு. ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடணும்" என்றார். நான் மேடைக்குப் பயந்தவன். மறுத்துவிடத்தான் நினைத்தேன். "சந்திப்பு இந்த வருஷம் சிறுசேரியில்" என்று அவர் சொன்னதும் சரி என்றுவிட்டேன். இந்த ஊரோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதை உங்கள் முன்னால் சொல்லித் தீர்க்கலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

தாவரவியல் படித்தவர்கள் இங்கே பத்துப் பேராவது இருப்பீர்கள். உலர்தாவரத் தாள் தயாரித்தது நினைவிருக்கிறதா? செடியைப் பூவோடு பறித்து, பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்தி, தினமும் தாளை மாற்றி, காய்ந்தபின் அட்டையில் ஒட்டி, கீழே வலது மூலையில் ஒரு சீட்டு எழுத வேண்டும். செடியின் பெயர், எடுத்த ஊர், எடுத்த தேதி, எப்படிப்பட்ட நிலம், எடுத்தவர் பெயர். நான் செடியை அழகாக ஒட்டிவிட்டுச் சீட்டைக் காலியாக விட்டேன். நம் பேராசிரியர் அதைத் திருப்பி என் கையில் கொடுத்து, "ஏம்ப்பா, ஊர் பேர் எழுதாத செடி வெறும் சருகு. கொண்டுபோய் அடுப்புல போடு" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதன் அர்த்தம் புரிய எனக்கு நாற்பது வருஷம் ஆயிற்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பூவைப் படம் எடுப்பது சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். புலி மாதிரி ஓடாது, கல்யாண மாப்பிள்ளை மாதிரி கண்ணை மூடாது, சம்பளம் கேட்காது. ஆனால் புகைப்படம் என்ற கலை பிறந்த நாளிலிருந்து பெரிய பெரிய ஆட்கள் பூவோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1839-ல் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்படுவதற்கு முன்பே, இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்பாட் இலைகளையும் பூக்களையும் ரசாயனம் தடவிய காகிதத்தின்மேல் நேராக வைத்து வெயிலில் காட்டி உருவம் எடுத்துப் பார்த்தார். 1850-களில் பிரான்சில் அடால்ஃப் பிரான் என்பவர் சுமார் 300 பூப்படங்கள் எடுத்தார். அவர் துணிகளுக்குப் பூவேலை வரைந்து கொடுத்தவர். தன்னைப் போன்ற சித்திரக்காரர்கள் பார்த்து வரையட்டும் என்றுதான் அதை ஆரம்பித்தார். பூப்படத்தின் ஆரம்பமே சீட்டித் துணி வியாபாரம் என்றால் நம்புவீர்களா?

பெர்லினில் கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட் என்று ஒரு வாத்தியார். கைத்தொழில் கலைப் பள்ளியில் மாணவர்களுக்கு உருவம் சொல்லிக் கொடுப்பதற்காக, தானே செய்துகொண்ட கேமராவில் மொட்டு, தண்டு, சுருள் இவற்றைப் பல மடங்கு பெரிதாக்கி எடுத்தார். 1928-ல் அவர் புத்தகம் வந்தபோது, செடிக்குள் இரும்புக் கிராதியும் கோவில் தூணும் இருப்பதைப் பார்த்து உலகம் அசந்துபோனது. அமெரிக்காவில் இமோஜென் கன்னிங்ஹாம் என்ற அம்மையார், மூன்று சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வெளியே போக முடியாத நிலையில், வீட்டுத் தோட்டத்துச் செடிகளையே படமெடுத்தார். 1925-ல் அவர் எடுத்த மக்னோலியாப் பூ இன்றும் பேசப்படுகிறது. பிறகு 1980-களில் ராபர்ட் மேப்பிள்தார்ப். ஸ்டூடியோ விளக்கில் ஒரே ஒரு லில்லிப் பூவைச் சிலை மாதிரி நிறுத்திக் காட்டியவர்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. பூவுக்குப் பின்னால் இருப்பதை எடுத்துவிட்டார்கள். சிலர் சாம்பல் அட்டை வைத்தார்கள், சிலர் வெறும் இருட்டை வைத்தார்கள், கன்னிங்ஹாம் அம்மையார் பூவுக்குள்ளேயே போய் நின்றுகொண்டார். மண், வேலி, வானம் எதுவும் கிடையாது. அது தப்பென்று சொல்ல நான் யார்? அப்படிச் செய்ததால்தான் பூவின் உருவம் நமக்குத் தெரிந்தது. தினமும் தலையில் வைக்கிற பொருளை நாம் பார்த்ததே இல்லை என்று நமக்குக் காட்டியவர்கள் அவர்கள்.

நம் சென்னைப் பட்டணத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது, கேமரா வருவதற்கு முன்பே தொடங்கி. கம்பெனி காலத்து டாக்டர் ராபர்ட் வைட், தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி 1838 முதல் 1853 வரை வெளியிட்ட புத்தகத் தொகுதியில் 2000-க்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. அவருக்காகச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். ஒரு ஆர்க்கிட் இனத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார் வைட். அந்த ஓவியங்களிலும் பின்னணி கிடையாது, வெள்ளைத் தாள்தான். ஆனால் கூடவே அந்தச் செடி எங்கே கிடைத்தது என்று எழுத்தில் இருக்கும். படம் விட்டதைச் சீட்டு பிடித்துக்கொண்டது. இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள்.

நான் பேங்கில் சேர்ந்து தாம்பரத்தில் குடியிருந்த காலத்தில் இந்தப் பைத்தியம் பிடித்தது. செகண்ட்ஹேண்டில் ஒரு பென்டாக்ஸ் கேமரா. பழக்கத்துக்கு ஊட்டியில் தயாரான 'இந்து' கறுப்பு வெள்ளை ஃபிலிம். 1960-ல் தொடங்கிய அந்த அரசுத் தொழிற்சாலை பின்னாளில் மூடப்பட்டுவிட்டது. கை ஓரளவு தேர்ந்ததும் கலர் ஸ்லைடுக்கு மாறினேன். ஒரு ரோலுக்கு 36 படம். வீட்டில் அரிசி வாங்குகிற கணக்கோடு சேர்த்துத்தான் அந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். என் மனைவி இங்கே உட்கார்ந்திருக்கிறாள், மேற்கொண்டு சொல்லவில்லை.

1994-ம் வருஷம் ஐப்பசி மாதம், நல்ல மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை டிவிஎஸ் 50-ல் வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் ரோட்டைப் பிடித்து இந்தப் பக்கம் வந்தேன். அப்போது இது என்ன ஊர் என்று புதியவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஏரி, ஏரிக்கரை, கொஞ்சம் வயல், பனை மரங்கள், மீதி எல்லாம் புதர். களா, காரை, சங்கமுள், விராலி, ஆவாரை. ஒரு நிலத்துக்குக் கள்ளி வேலி போட்டிருந்தார்கள். அந்தக் கள்ளிமேல் படர்ந்து, காந்தள் பூத்திருந்தது. செங்காந்தள். நம் மாநில மலர்.

அந்தப் பூவைப் பொறுமையாகப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஆறு இதழும் கீழ்நோக்கிய பூவிலிருந்து மேல்நோக்கி மடங்கி, நெளிநெளியாக நெருப்பு மாதிரி நிற்கும். விரியும்போது பச்சை, பிறகு மஞ்சள், பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் இந்த நாலு வயதுப் பூவையும் சேர்த்துப் பார்க்கலாம். சூல்தண்டு மட்டும் நேராக வராமல் பக்கவாட்டில் மடங்கி நீளும். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிக் கிடைத்ததைப் பிடித்து ஏறும். பெண்ணின் விரலுக்கு இந்தப் பூவை ஒப்பிட்ட நம் பழம்புலவர்கள் சும்மா சொல்லவில்லை, உற்றுப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

படமெடுக்கவும் சள்ளை பிடித்த பூ. சிவப்பு என்றாலே கேமராவுக்கு ஆகாது. ஆரம்ப காலத்துக் கண்ணாடித் தட்டுகளுக்குச் சிவப்பு தெரியவே தெரியாது, சிவப்புப் பூ படத்தில் கறுப்பாக விழும். 1873-ல் ஜெர்மனியில் ஃபோகல் என்ற விஞ்ஞானி சாயம் கலந்து அந்தக் குருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போக்க வழி கண்டார். இன்றைய செல்போன் கேமராவில் நேர் எதிரான தொல்லை. சிவப்பு அளவுக்கு மீறிப் பதிந்து, இதழின் நரம்பும் மடிப்பும் மறைந்து, குங்குமத்தை அப்பிய மாதிரி ஆகிவிடும். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள், நரம்பு திரும்பி வரும். நடுப்பகல் வெயிலில் எடுக்காதீர்கள். மேகம் போட்ட காலை நேரம்தான் பூவுக்கு ராஜ வெளிச்சம்.

சரி, 1994-க்குத் திரும்புகிறேன். எனக்கு அப்போது கலை என்றால் கறுப்புப் பின்னணி. வெளிநாட்டுப் புத்தகத்தில் பார்த்தது. மனைவியின் கறுப்பு வெல்வெட் ஜாக்கெட் துணி ஒரு மீட்டர், பையில் எப்போதும் இருக்கும். அதைப் பூவுக்குப் பின்னால் பிடிக்க ஆள் வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பத்து வயசுப் பையன் ஒருவன் வேடிக்கை பார்க்க வந்தான். "தம்பி, இதைக் கொஞ்சம் பிடிக்கிறியாப்பா?" என்றேன். ஒன்றரை மணி நேரம் கை வலிக்க வலிக்கப் பிடித்தான். "சார், கெயங்கு மேல கை வச்சுடாதீங்க, வெசம்" என்று எனக்கே பாடமும் சொன்னான். உண்மைதான், காந்தள் கிழங்கில் உள்ள கொல்சிசின் ஆளைக் கொல்லக்கூடியது. மூன்றாம் வருஷம் படித்தது, எனக்கு மறந்துவிட்டது, அவனுக்குத் தெரிந்திருந்தது. போகும்போது ஒரு பாக்கெட் பிஸ்கட் கொடுத்தேன்.

அந்தப் படங்களில் ஒன்றுக்கு ஒரு போட்டியில் இரண்டாம் பரிசு கிடைத்தது. நடுவர் என் முதுகில் தட்டி, "இது எங்கே எடுத்ததுன்னே தெரியலை சார், ஜப்பான்னு சொன்னா நம்பலாம்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் அதைச் சொன்னேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வந்தது. 2008-ல் மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை ஆறு வழிச் சாலை திறந்தார்கள். அடுக்குமாடிகள் வந்தன. நம் பிள்ளைகளுக்கே இங்கேதான் வேலை. என் மகளும் இங்கேதான் வீடு வாங்கினாள். ஆகவே இதைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

2019-ல் ஒரு நாள் மகள் வீட்டுக்கு வருகிறேன். வாசலில் செக்யூரிட்டி நோட்டை நீட்டினார். பேர், எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், நேரம், கையெழுத்து. எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், நீங்க பூ சார்தானே? கறுப்புத் துணி புடிக்கச் சொன்னீங்களே?" என்றார்.

அதே பையன். முப்பத்தைந்து வயசு ஆகியிருந்தது. நான் அவனுக்குப் பிறகு எத்தனையோ பேரைத் துணி பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு நான் ஒருத்தன்தான் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் பேசினோம். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான். "சார், அன்னிக்கு எங்க வேலிய படம் எடுத்தீங்களே, அது இருக்குதா? அந்தக் கள்ளி எங்க அப்பா நட்டது. அப்பா பூட்டாரு. நெலமும் அதுக்கு முன்னாடியே பூடுச்சு. வூட்ல ஒரு போட்டோ கெடயாது. அந்த எடம் எப்டி இருந்துச்சுன்னு எம் பசங்களுக்குக் காட்டலாம்னு..."

"இருக்கு, இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போய் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினேன். அன்று எடுத்ததில் முப்பத்தோரு ஸ்லைடு பத்திரமாக இருந்தது. விளக்குக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். பூ. கறுப்பு. பூ. கறுப்பு. என்ன அழகு! ஒரு சொட்டு வேலி இல்லை, ஒரு பிடி மண் இல்லை. அந்த நடுவர் சொன்னது சரிதான். ஜப்பானேதான். முப்பது ஸ்லைடு பார்த்து முடிக்கும்போது, நம் பேராசிரியர் காதுக்குள் சொன்ன மாதிரி இருந்தது: "ஊர் பேர் எழுதாத செடி வெறும் சருகு."

முப்பத்தோராவது ஸ்லைடின் அட்டையில் என் கையெழுத்தில் 'வேஸ்ட்' என்று எழுதியிருந்தது. ஆடு ஒன்று பயிரில் இறங்கப் போக, அவன் திரும்பி அதட்டியபோது துணி நழுவிவிட்டது, நான் ஷட்டரை அமுக்கிவிட்டேன். அதில் கள்ளி வேலி தெரிகிறது. இரண்டு பனை. ஏரிக்கரை. அவனுடைய தோளும் பாதித் தலையும். தூரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டோடு ஓர் ஆள். ஓரத்தில் காந்தள்.

அதை ஸ்கேன் செய்து பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தான். அந்தத் தூரத்து ஆளின்மேல் விரலை வைத்து, "அப்பா" என்றான். முகம் தெரியவில்லை, நண்பர்களே. கலங்கிப்போயிருக்கிறது. நிற்கிற நிலையை வைத்துச் சொன்னான். பின்னணி கலங்க வேண்டும் என்றுதான் நான் அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து வைத்திருந்தேன். நாலு படி சுருக்கி, இரண்டடி பின்னால் போய் ஒரே ஒரு படம் எடுத்திருந்தால், ஒரு மகனுக்கு அவன் தகப்பன் முகம் ஓரளவாவது கிடைத்திருக்கும். ஃபிலிம் இருந்தது, நேரம் இருந்தது, வெளிச்சம் இருந்தது. எனக்குத்தான் தோன்றவில்லை. இதுதான் நான் சொன்ன கணக்கு.

அதற்குப் பிறகு நான் யோசித்துப் பார்த்தேன். உலகத்தில் வேறு யாருக்கு எப்படியோ, பூவை நிலத்திலிருந்து பிரித்துப் பார்ப்பது தமிழனுக்குப் பழக்கமில்லாத காரியம். நம்மவர்கள் நிலத்துக்கே பூவின் பெயரை வைத்தவர்கள். மலை என்றால் குறிஞ்சி, காடு என்றால் முல்லை, வயல் என்றால் மருதம், கடற்கரை என்றால் நெய்தல், வறண்ட நிலம் பாலை. ஒரு பூவின் பேரைச் சொன்னால் அதன் மண், பொழுது, அங்கே வாழும் மக்கள், அவர்கள் செய்யும் தொழில், அவர்களுடைய பிரிவும் சேர்க்கையும் எல்லாம் கூடவே வரும். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாக அடுக்கிய கபிலர், அவற்றை வெல்வெட்டுத் துணியில் அடுக்கவில்லை, மலைச்சாரலில் பறித்துப் பாறைமேல் குவிக்கிற பெண்களின் கையில் கொடுத்தார். இந்தச் சிறுசேரியையே பாருங்கள். புதர்க்காடு முல்லை, ஏரிப் பாசனம் மருதம், கிழக்கே கொஞ்ச தூரம் போனால் முட்டுக்காட்டு உப்பங்கழி, நெய்தல். குறிஞ்சி நிலத்துக்குச் சொன்ன காந்தளோ இங்கே ஒரு ஏழையின் வேலியில் ஏறியிருந்தது. இவ்வளவையும் ஒரு மீட்டர் துணியால் மறைத்துவிட்டு அதைக் கலை என்று நான் சொல்லிக்கொண்டேன்.

துணியே கூடாது என்று சொல்லவில்லை. உருவம் வேண்டுமென்றால் மறைத்துத்தான் ஆக வேண்டும். இன்றும் பையில் கறுப்புத் துணி இருக்கிறது. ஆனால் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பூவுக்கு ஒரு படம் எடுத்தால், அது நின்ற இடத்துக்கு ஒரு படம். துணி பிடித்தவருக்கு ஒரு படம். பிறகு சீட்டு: ஊர், தேதி, எப்படிப்பட்ட நிலம். டிஜிட்டல் கேமராவில் ஃபிலிம் செலவுகூட இல்லை.

உங்களிடம் நான் கேட்பதும் அதுதான். நன்மங்கலம் காட்டுக்குப் போங்கள், தாம்பரம் கிறித்தவக் கல்லூரி வளாகத்துப் புதர்க்காட்டைப் பாருங்கள், இந்தப் பக்கத்தின் பழைய செடிகள் அங்கே இன்னும் இருக்கின்றன. பேரப் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். மாடித் தோட்டத்தில் ஒரு செம்பருத்தி பூத்தாலும் எடுங்கள். ஆனால் ஒரு படத்திலாவது மாடிச் சுவரும் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணியும் இருக்கட்டும். இன்றைக்கு அது அசிங்கமாகத்தான் தெரியும். இருபத்தைந்து வருஷம் கழித்து யாராவது ஒருவர் அந்தச் சுவரைத்தான் கேட்டு வருவார்.

இன்னொன்று. உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஆல்பமும் ஸ்லைடும் கிடக்கும். முடிந்தால் இந்த வாரமே இறக்கி, ஒவ்வொன்றின் பின்னாலும் ஊர் பேர் எழுதுங்கள். எழுதத் தெரிந்த ஆட்கள் நாம்தான், நமக்கும் வயசாகிறது. 'வேஸ்ட்' என்று எழுதியிருப்பதை மட்டும் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், சாம்பார் வாசனையும் வந்துவிட்டது.